நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள்

ஜன்னல் திரையின் இடுக்கு வழியே வரும் மாலை வெயில் ஆலை அலுவலகத்தில் அவளுடைய விசைப்பலகையின் மேல் கோடு கோடாகக் கிடக்கிறது. ஆலையைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் கரித்தூளைப் பற்றி எழுதிய நானூற்றுப் பன்னிரண்டு புகார்க் கடிதங்கள் விசாரணைக் குழுவுக்குப் போகுமுன், அவற்றில் உள்ள பெயர்களை மட்டும் நீக்க வேண்டும். தட்டச்சு செய்தவர்கள் ஒவ்வொரு பெயரையும் சதுர அடைப்புக்குள் வைத்திருந்தார்கள். திறக்கும் அடைப்பிலிருந்து மூடும் அடைப்பு வரை அழி என்று கணினி ஸ்கிரிப்டில் ஒரே வரி எழுதி ஓடவிட்டாள். முதலில் வரும் மூடும் அடைப்போடு நிறுத்தச் சொல்லும் கேள்விக்குறியைப் போட மறந்துவிட்டாள். ஒவ்வொரு கடிதத்திலும் மேலே இருந்த பெயரிலிருந்து அடியில் கையெழுத்திட்ட பெயர் வரை அது அகோரப் பசியோடு விழுங்கியிருக்கிறது. பிள்ளையின் இருமல், துணி காயப்போட முடியாத மாடி, கறுத்த சளி, எதுவும் இல்லை. பின்னால் நிற்கும் ஆலை மேலாளரிடம் திரும்புகிறாள். "சார், தப்பாயிடுச்சு. ஒரிஜினல் இருக்கு, ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்." அவர் தேநீர்க் கோப்பையோடு குனிந்து திரையில் ஒரு கடிதத்தைப் பார்க்கிறார், பிறகு இன்னொன்றை. அவர் முகம் மலர்கிறது. "எதுக்கும்மா சரி பண்ணணும்? பேரை எடுக்கச் சொன்னேன், எடுத்துட்டே. அப்படியே அனுப்பு. அந்த ஒரிஜினலையும் அழிச்சிடு." "சார்..." "உன் வேலை இந்த மாசம்தானே நிரந்தரம் ஆகுது?" அவர் தேநீரை உறிஞ்சும் சத்தம் காதருகில் கேட்கிறது. அவள் அழிக்கிறாள். திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கடிதங்கள் திறக்கின்றன. எல்லாவற்றிலும் மிச்சம் இரண்டே வரி. "ஐயா, வணக்கம்." அதற்குக் கீழே, கையெழுத்துக்கும் அடியில் எழுதியிருந்த "தயவுசெய்து பதில் போடவும்."