ஞாயிற்றுக்கிழமைப் பூட்டு

கணவனை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டினாள் ஜெனி. பூட்டை இழுத்துப் பார்த்தாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, விருந்துக்குப் பூண்டு உரிக்கிற சாக்கில் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"ஃபேன் கூடப் போடாத. வெளிய சத்தம் கேக்கும்" என்று கதவைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

உள்ளேயிருந்து வேதமாணிக்கம் "சரி" என்றான்.

வேதமாணிக்கம் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் மெக்கானிக். இறாலும் மீனும் ஏற்றுமதியாகும் குளிர்பெட்டிகள் ஓடுகின்றனவா என்று பார்ப்பது அவன் வேலை. இன்று அவனுக்கு விடுமுறை. பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள இன்னொரு மெக்கானிக் தௌசீஃப் இருக்கிறான். ஆனாலும் மத்தியானம் போனில் செய்தி வந்துவிட்டது. ஹெட் ஆபீஸிலிருந்து டைரக்டர் வந்திருக்கிறார், லீவில் இருப்பவர்களும் மாலைக் கூட்டத்துக்கு வந்தே ஆகவேண்டும்.

மாலையில்தான் மகள் எழில்மொழிக்குப் புதுநன்மை. ராயபுரம் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். வெள்ளை கவுனும் முக்காடுமாகச் சித்தியோடு முன்னதாகவே போய்விட்டாள். பெற்றவர்கள் இருவரும் பக்கத்தில் நின்று மெழுகுவத்தி ஏற்றிக் கொடுக்க வேண்டும்.

"அப்பா இன்னிக்கும் பாதியில போனை எடுத்துக்கினு வெளிய போய்டுவாரா?" என்று கிளம்பும்போது எழில்மொழி கேட்டிருந்தாள். கிறிஸ்துமஸ் பூசையில் அப்படி எழுந்து போனவன்தான் அவன்.

கூட்டத்துக்குப் போகாமல் இருக்கவும் பயம். லீவு நாளில் போனை எடுக்காத, கூட வேலை பார்த்த குமாரவேலை மறுநாள் யார்டு கேட்டுக்குள்ளேயே விடவில்லை. அதனால் எண்ணூரில் ஒரு சாவு என்று பதில் அனுப்பிவிட்டுப் போனை அணைத்துவிட்டான் வேதமாணிக்கம். ஆனால் வராத ஆளை வீட்டுக்கே வந்து வண்டியில் ஏற்றிப் போவது மேனேஜர் சுப்பராயனின் வழக்கம். பூட்டு அவருக்காகத்தான். கோயில் மணி அடித்ததும் இருவரும் சந்து வழியாக நழுவிவிடுவதாக ஏற்பாடு.

கீழ்ப்படியில் ஷூ சத்தம் கேட்டது.

சுப்பராயன்தான். மூச்சிரைக்க ஏறி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஜெனியின் கையிலிருந்த பூண்டு நழுவி விழுந்தது.

"வேதம் இல்லியாம்மா?"

"எண்ணூருக்குப் போயிகிறாரு சார். சாவு வூடு."

நேற்றுதான் மகளைச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு அழைத்துப் போய், சின்னப் பொய்யும் பொய்தான் என்று சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளே இருமல் கேட்டது. அடக்கி அடக்கிப் பார்த்து மீறிய இருமல். சுப்பராயன் பூட்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். மேல்படியில் உட்கார்ந்துகொண்டார்.

அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஜெனிக்கு. மனசுக்குள் 'அருள் நிறைந்த மரியே' சொல்லத் தொடங்கி, பாதியில் வார்த்தை மறந்து நின்றாள்.

அவர் பையில் போன் அடித்தது. இரண்டாவது மணிக்குள் எடுக்காதவனைத் திட்டித் தீர்க்கும் மனிதர், அதை எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அவரோ படிக்கட்டுச் சுவருக்கு மேலாகத் தெருவையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். யார்டு ஜீப்பை வரச் சொல்லியிருக்கிறார், இழுத்துக்கொண்டுதான் போவார் என்று ஜெனி நினைத்தாள்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார்.

எதிர்வீட்டில் ஆள் இல்லை. தண்ணீர் இருப்பது பூட்டிய கதவுக்குப் பின்னால். குழாயில் வரவில்லை என்று இன்னொரு பொய் சொல்லிவிடலாம். ஆனால் அவர் உதடு வெளுத்திருந்தது. தாகம் என்று கேட்டவரை வெறும் வாயோடு அனுப்ப அவளால் முடியவில்லை. வருவது வரட்டும், ஆண்டவர் இருக்கிறார் என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

கதவு திறந்தது. புதுச்சட்டையும் கையில் மெழுகுவத்தியுமாகச் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான் வேதமாணிக்கம். சுப்பராயன் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஜெனி கொடுத்த சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"சார், பொய் சொன்னது தப்புதான்" என்றான் வேதமாணிக்கம். "பாப்பாவுக்கு இன்னிக்குப் புதுநன்மை சார். பூசை முடியிற வரிக்கும் வுட்டுடுங்க. அப்பால நானே வந்துர்றேன். வேலையில கை வெச்சிராதீங்க."

சுப்பராயன் மறுபடி அடித்த போனை எடுத்து அணைத்தார். வாசலில் கிடந்த ஷூவைக் குனிந்து எடுத்து உள்ளே வைத்தார். ஜன்னலுக்கு மறைவான மூலையாகப் பார்த்துத் தரையில் உட்கார்ந்தார். நீங்கள் இருவரும் கோயிலுக்குக் கிளம்புங்கள், மணி அடித்துவிடப் போகிறது என்றார்.

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுப்பராயன் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்னை ஏத்திக்கினு போக என் வூட்டாண்ட டைரக்டர் காரு வந்து நிக்குதும்மா. யார் கேட்டாலும் என்னைப் பாக்கலேன்னு சொல்லிடு."