சின்னசாமியின் பெருவிரல்

திருப்பதிப் பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் சின்னசாமி இடது கையை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சொத்தைக் கடைவாய்ப் பல்லால் கன்னம் ஒரு பக்கம் பூசணியாய் வீங்கியிருக்கிறது. ஊசியைக் கண்டு இரண்டு தரம் எழுந்து ஓடியாயிற்று. அதனால் மயக்க மருந்தை முகரவைத்துத் தூங்கப்பண்ணிவிடலாமென்று டாக்டர், மருந்தை ஊற்றி முகத்தில் கவிழ்க்கும் கம்பி மூடியில் துணி சுற்றுகிறார். மருந்து நெடி அறையெல்லாம் தித்திப்பாய்ப் பரவுகிறது. “நான் தூங்க மாட்டேன். போன மாசம் எல்லைத் தகராறு மனுவுக்கு ரேகை வாங்க வந்தவனுங்க, நான் முழிச்சிக்கினு இருக்கசொல்லவே பெருவெரலை மையில அமுக்கி, எங்க ஊரு ஆந்திராவுலயே இருக்கணும்னு அவனுங்களா எழுதிக்கினானுங்க. தூங்கிட்டா சும்மா வுடுவீங்களா?” “நைனா! டாக்டராண்ட பேசற பேச்சா இது?” மகள் தாட்சாயணி தலையில் அடித்துக்கொள்கிறாள்.

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கையைப் பிரித்து, பெருவிரலைப் பஞ்சு வைத்து வெள்ளைத் துணியால் சுற்றிக் கட்டுகிறார். “இப்போ எவனும் மை தடவ முடியாது பெத்தய்யா.” கதவோரம் காத்திருப்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். “பல்லு நோவுக்கு வெரல்ல இன்னாத்துக்குய்யா கட்டு?” என்கிறான் ஒருவன். சிரிப்பு வரிசை நெடுக ஓடுகிறது. தாட்சாயணியும் முந்தானையால் வாயைப் பொத்துகிறாள். ஜன்னல் வெயில் சரியாக அந்த வெள்ளைக் கட்டின்மேல் விழுகிறது. சின்னசாமிக்குக் காதுமடல் சுடுகிறது. மேசையிலிருந்த மூடியை அவரே எடுத்து முகத்தில் கவிழ்த்துக்கொள்கிறார். “ஊத்துய்யா, சீக்கிரம்.”