ஒன்றேகால் சதவீதம்

முக்கால் சதவீதமா, ஒன்றேகால் சதவீதமா என்று அக்காவும் தங்கையும் வங்கியில் இருபது நிமிடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

எதிரே இருந்த அதிகாரி இளம்பெண். பொறுமைசாலி. இரண்டு தாள்களையும் மேசைமேல் சேர்த்து வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இரண்டுமே வரி இல்லாத சேமிப்புக் கணக்குகள். முதலாவதில் வட்டி முக்கால் சதவீதம். நினைத்த அன்றைக்குப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதில் ஒன்றேகால், ஐந்து வருடத்துக்குத் தொட முடியாது. ஏதாவது ஒன்றைத்தான் திறக்கலாம்.

"இந்த வட்டிக்கு வரி வேற போட்டா அவங்களுக்கே வெக்கமா இருக்காதா?" என்றாள் தங்கை.

அதிகாரி சிரித்துவிட்டாள். அக்கா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டாவது தாளையே படித்துக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்கு எழுபத்தொன்று. தொலைபேசி நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் இணைப்புக் கொடுத்தவள். ஊரில் பாதிப் பேருடைய ரகசியம் அவள் காதில் விழுந்திருக்கிறது. ஒன்றுகூட வாய் வழியாக வெளியே வந்ததில்லை.

தங்கைக்கு அறுபத்தாறு. சலவைக் கடை நடத்துகிறாள். என்றைக்கு எடுக்க வருவீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் துணிக்குச் சீட்டுக் கொடுப்பாள். அப்படியும் கடையின் பின்பக்கம் ஒரு கம்பி முழுக்கக் கோட்டுகள் தொங்குகின்றன. கொடுத்தவர்கள் வரவே இல்லை. சிலர் மறந்திருப்பார்கள். சிலர் ஊரைவிட்டே போயிருப்பார்கள். வேறு சிலரைப் பற்றி அவள் யோசிப்பதில்லை. மாதம் ஒருமுறை தூசி தட்டி வைப்பாள்.

ஐந்து வருடம் என்றதும் அந்தக் கம்பிதான் அவள் கண்முன் வந்து நின்றது.

மூன்று வாரத்துக்கு முன்பு அக்காவின் குடலிலிருந்து இரண்டு சிறு கட்டிகளை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அக்கா அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. தங்கையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றி மட்டும் இருவரும் மூன்று வாரமாக வாய் ஓயாமல் பேசினார்கள். குழாய்க்காரர் வந்து சரிசெய்துவிட்டுப் போன பிறகும் பேசினார்கள்.

முடிவு ஏடாகூடமாக வந்தால் நல்ல வைத்தியம் பார்க்க வேண்டும். கையில் பணம் வேண்டும். அக்காவிடம் இருப்பதோ இந்த ஒரு தொகைதான். இதைப் பூட்டிவைக்க விடக் கூடாது.

ஆனால் காரணத்தை எப்படி வாய்விட்டுச் சொல்வது? அதனால் வட்டியைத் திட்டினாள்.

"அரை சதவீதம் கூடக் கிடைச்சு என்னத்தக் கிழிக்கப் போறே? வருஷத்துக்கு ரெண்டு கோட்டு சலவை பண்ற காசு. நான் உனக்குச் சும்மாவே பண்ணித் தரேன், எழுந்து வா."

"என்கிட்ட இருக்கறதே ஒரு கோட்டுதானேடி."

அதிகாரி இருமிக்கொண்டாள். "நடுவுல அவசரத்துக்கு இந்தப் பணம் தேவைப்படுமாம்மா?"

"படலாம்" என்றாள் தங்கை.

"படாது" என்றாள் அக்கா, அதே மூச்சில்.

"அவசரம் என்ன சொல்லிட்டா வரும்? கொஞ்சம் யோசிச்சுப் பண்ணுக்கா."

யோசித்தாகிவிட்டது என்பதுபோல அக்கா பேனாவை வாங்கி, இரண்டாவது தாளின் அடியில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். போட்டதை ஒருமுறை தள்ளிப் பிடித்து ரசித்தாள். அதிகாரி விட்டால் போதும் என்று தாளை எடுத்துக்கொண்டு நகல் எடுக்க எழுந்து போனாள்.

தங்கை அக்காவின் பக்கம் குனிந்தாள்.

"எழுபத்தாறு வயசுல அந்தப் பணத்தை வாங்கி என்ன பண்ணப் போறே?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் மேசையிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள்.

அக்கா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அந்த வருஷம் எனக்கு ஆஸ்பத்திரிச் செலவு இருக்குடி."

தங்கை திரும்பினாள்.

"காலைல நீ குளிச்சிட்டு இருந்தப்ப டாக்டரம்மா போன் பண்ணாங்க. ரெண்டும் வெறும் சதையாம். பயப்பட ஒண்ணுமில்லையாம். அடுத்த தடவை கேமராவ உள்ள விட்டுப் பாக்கறதுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு வந்தாப் போதுமாம்."



"காலைலயேவா? அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே."

தங்கை அக்காவின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அதே தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மூன்று வார அழுகையையும் சேர்த்து அழுதாள்.

நகலோடு திரும்பி வந்த அதிகாரி பதறிப்போனாள். ஒரு கையால் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை நகர்த்திக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அழாதீங்கம்மா. வட்டி என்ன, எப்பவும் இப்படியேவா இருக்கப் போகுது?"