ஆலாக்கள் இறங்கவில்லை

சேற்றில் வேரூன்றிய கண்டல் பற்றைக்கு மேலே ஆலாப் பறவைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. ஒன்றும் இறங்கவில்லை.

ஆரூரன் முக்காலியில் பூட்டியிருந்த தொலைநோக்கியை மெல்லத் திருப்பினான்.

வேலணையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியன் அவன். ஐப்பசி பிறந்துவிட்டால் சனிக்கிழமைகளில் அவனை வீட்டில் தேடிப் பயனில்லை. நாரந்தனைக் கரையில்தான் நிற்பான் என்று ஊருக்கே தெரியும். வடக்கேயிருந்து வருகிற பறவைகள் களைத்து விழுவது இந்தச் சேற்றுவெளியில்தான்.

கடல் வற்றிக் கிடந்தது. சேறு முழுக்க இரை. ஆனாலும் கறுப்பும் வெள்ளையுமான நண்டுதின்னிகள்கூட கண்டலுக்குக் கிட்ட வந்து, சட்டென்று திரும்பி, தூரத்து மணல்திட்டியில் போய் ஒதுங்கின.

பருந்து ஏதும் இருக்கும் என்று நினைத்துத்தான் பற்றையின் அடியைத் தேடினான்.

பருந்து இல்லை.

நீலப் படகு ஒன்று. கண்டல் குழைகளை வெட்டிப் போட்டு மூடியிருந்தார்கள். குழைகளுக்குள்ளே தலைகள் தெரிந்தன. நாலைந்து ஆண்கள், ஒரு கிழவர், கால்களுக்கு இடையில் மண்ணெண்ணெய்க் கான்கள். இருட்டுவதற்காகக் காத்திருக்கிறார்கள். களவாக இந்தியாவுக்குப் போகிறவர்கள் இப்படித்தான் போவார்கள் என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். கண்டதில்லை.

படகின் பின்பக்கத்தில் ஒரு பெண். மடியில் சிறுமி. சிறுமியின் வாயை அவள் உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தாள். கை கொஞ்சம் இளகியபோது பிள்ளை எதையோ கேட்டது. அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

ஆரூரன் கண்ணை எடுத்தான். வெறுங்கண்ணுக்கு அங்கே இருந்தது ஒரு பச்சைப் பற்றை மட்டும்தான்.

மறுபடி கண்ணை வைத்தான். வைத்தபடியே நின்றான்.

"சேர், இண்டைக்கு என்ன வந்தது?"

பந்துல. கரையோரக் காவலரணில் நிற்கிற கடற்படைச் சிப்பாய். வீடு குருநாகல் பக்கம். காவல் முடிந்து போகும்போதெல்லாம் இதில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தொலைநோக்கிக்குள் ஒருதரம் பார்க்காமல் போகமாட்டான். நல்ல மனிதன்.

ஆரூரனின் கை தானாகவே தொலைநோக்கியைத் தள்ளியது.

"பூநாரை. அங்கால பாரும்."

பந்துல குனிந்து பார்த்தான். பல் தெரியச் சிரித்தான். பிறகு நிமிர்ந்து கண்டல் பக்கம் கையைக் காட்டினான்.

"அது ஏன் சேர் கீழ வாறது இல்ல?"

"பருந்து நிக்குது."

பொய் இவ்வளவு இலகுவாக வாயில் வரும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

காற்று முக்காலியைப் பிடித்து உலுப்பியது. சேற்றுவெளிக்கு அப்பால் கடல் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. அன்று நாரந்தனையில் ஒரு படகும் தொழிலுக்குப் போகவில்லை. கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சில்வெஸ்ரர், அவன் வரும்போதே சொல்லியிருந்தார்: "மாஸ்ரர், இந்தக் காத்து இப்ப விழாது. இதுக்குள்ள இறங்கினவன் திரும்பி வரமாட்டான்."

பந்துல சைக்கிளில் ஏறினான். காற்றுக்கு எதிரே குனிந்து உழக்கத் தொடங்கினான்.

போகட்டும். இவன் போனால் அவர்களும் போய்விடுவார்கள். தான் எதையும் காணவில்லை.

ஆரூரன் தொலைநோக்கியைத் திரும்பவும் கண்டலுக்குக் கொண்டுவந்தான். சிறுமி அந்தப் பெண்ணின் தோளில் நித்திரையாகிப் போயிருந்தாள். உயிர்காப்பு அங்கி என்று ஒருவரிடமும் ஒன்றும் இல்லை.

"பந்துல!"

காற்றில் அது கேட்கவில்லை. ஓடினான். ஒரு செருப்பைச் சேறு இழுத்துக்கொண்டது. விட்டுவிட்டு ஓடினான். சைக்கிளின் கரியரை எட்டிப் பிடித்து நிறுத்தினான்.

"அங்க ஆக்கள் இருக்கினம். பிள்ளையும் இருக்கு. கடல் சரியில்லை."

பந்துல சைக்கிளை மண்ணில் சாய்த்தான். பிறகு இடுப்பிலிருந்த வோக்கி-டோக்கியை எடுத்தான்.

அதன்பின் எல்லாம் விரைவாக நடந்தது. கடற்படைப் படகு வளைத்துக்கொண்டு வர, வெளி முழுவதும் இருந்த பறவைகள் ஒரேயடியாக எழும்பின. கண்டலுக்குள் யாரோ கத்தினார்கள். இரண்டு பேர் குதித்து ஓடப் பார்த்து இடுப்புவரை சேற்றில் புதைந்தார்கள்.

கரையில் கொண்டுவந்து இறக்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. கிழவர் மண்ணில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதார். பொலிஸ் வாகனம் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

சிறுமி சிப்பாயின் கையை உதறிவிட்டு ஓடிவந்தாள்.

"அப்பா!"

பந்துல திடுக்கிட்டுத் திரும்பினான். "சேர்ட மகளா?"

ஆரூரன் பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

காலையில் வேலணைச் சந்தியில் அவன்தான் தாயையும் மகளையும் பஸ் ஏற்றிவிட்டான். பருத்தித்துறையில் அம்மாவோடு இரண்டு நாள் நின்றுவிட்டு வருகிறேன் என்றாள் மனைவி அனோஜினி. அக்கா இந்தியாவில் இருக்கிறாள், நாங்களும் போவோம் என்று வருடக்கணக்காகக் கேட்டுச் சண்டை பிடித்தவள், கொஞ்ச நாளாகக் கேட்பதை நிறுத்தியிருந்தாள். ஒருவழியாக மனம் ஆறிவிட்டது என்று, தொலைநோக்கிக்குள் அவர்களைக் காணும்வரை அவன் சந்தோஷப்பட்டிருந்தான்.

அனோஜினி நனைந்த சட்டையின் ஓரத்தைப் பிழிந்துகொண்டு கரையேறி வந்தாள். அழவில்லை. அவனுக்கு எதிரே வந்து நின்றாள்.

காற்று விழுந்து அடங்கிவிட்டிருந்தது. எப்போது விழுந்தது என்று ஒருவரும் கவனித்திருக்கவில்லை.

"காத்துக்குப் பயந்தோ நேவிக்குச் சொன்னனீங்கள்?"

"ஓம்" என்றான்.

அவள் திரும்பிக் கடலைப் பார்த்தாள். அது குளம்போல அசையாமல் கிடந்தது.