நீட்டி ஊதிய விசில்

வெயில் துறைமுகக் கிரேன்களின் உச்சியில் மட்டும் மிச்சமிருக்கிறது. கடற்கரையில் கண்ணாமூச்சி ஆடிய சாரணியர் சிறுமிகளை வரிசையில் நிறுத்தி, ஜெமி டீச்சர் மூன்றாவது முறையாக எண்ணுகிறாள். பத்தொன்பது பேர்தான். மூன்றாம் வகுப்பு ஷைனி மட்டும் இன்னும் அகப்படவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் காற்று அடித்துக்கொண்டு போகிறது. மணலில் பதிந்த சின்னக் காலடிகளெல்லாம் தண்ணீரைப் பார்த்தே போவதுபோல் இருக்கின்றன. டீச்சர் விசிலை நீட்டி ஊதுகிறாள்; மூச்சு வாங்கிக்கொண்டு இன்னும் நீட்டி ஊதுகிறாள். வரிசை விறைத்து நிற்கிறது. ஒருத்தி கன்னத்தில் உட்கார்ந்த ஈயைக்கூட விரட்டவில்லை. அதைப் பார்த்ததும்தான் டீச்சருக்கு உறைக்கிறது. நீட்டி ஊதினால் அசையாமல் நிற்க வேண்டும், விட்டுவிட்டு ஊதினால் ஓடிவர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு விட்டுவிட்டு ஊதுகிறாள். கவிழ்த்துப்போட்ட வள்ளத்துக்குப் பின்னாலிருந்து மணல் தெறிக்க ஓடிவருகிறாள் ஷைனி. "ஏளா, எங்கன போய்த் தொலைஞ்ச? டீச்சர் அழுவுதாவ," என்கிறாள் வரிசையில் முதலில் நிற்கும் மகிஷா. "வரத்தான் எந்திச்சேன், நீட்டி ஊதிட்டீங்க. அப்பமிருந்து ஒத்தக் கால்லயே நிக்கேன் டீச்சர். அசைஞ்சேனா?" என்று ஷைனி மூச்சிரைக்கக் கேட்கிறாள். டீச்சர் அப்படியே மணலில் உட்கார்ந்து, அவளுடைய கழுத்துத் துணியை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். "அசையவே இல்லளா. ரொம்பச் சரியா நின்ன."