சற்றே நில்லு, நானும் வருவேன்

பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் மையத்தில், மின்விசிறிக்குப் பயந்து தாள்களின் மேல் கண்ணாடிக்கூட்டைக் கனமாக வைத்திருந்தாள் தமிழாசிரியை.

சேர்ந்து நடப்பதைப் பற்றிய பாட்டு. எல்லாத் தாளிலும் அதே கேள்வி.

'பாதை நீளினும் பகலே சாயினும்
காதம் கடப்போம் கைகள் கோத்தே
சற்றே நில்லு, நானும் வருவேன்.'

பாதைக்குக் காதம் எதுகை. பாதைக்குப் பகல் மோனை. அடிக்கு நாலு சீர். அதற்கெல்லாம் மதிப்பெண் உண்டு.

கடைசி அடி பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வருவது ஏன்? 'இருவரும் இணைபிரியாமல் நடப்பதை வலியுறுத்த' என்றது விடைக்குறிப்பு.

பிள்ளைகளும் கிளிப்பிள்ளைகளாக அதையே எழுதித் தள்ளியிருந்தார்கள். அவளும் கை வலிக்கச் சரி போட்டுக்கொண்டே வந்தாள்.

ஒரு தாளில் மட்டும், கோணல் எழுத்தில், வேறு விடை.

'சேர்ந்து நடப்பவரிடம் யாராவது நில்லு என்பார்களா? சொல்கிறவர் பின்னால் வருகிறார். முன்னால் போகிறவர் நிற்கவில்லை. அதனால்தான் மறுபடி மறுபடி சொல்கிறார்.'

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அதில் ஒரு தூசும் இல்லை.

முழு மதிப்பெண் போட்டாள்.

மேற்பார்வையாளர் சும்மா விடுவாரா? முட்டையில் மயிர் பிடுங்குகிற மனிதர்.

"என்னம்மா இது? எழுதின கவிஞருக்கே தெரியாதது இந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்! அடிச்சிட்டு சைபர் போடுங்க. இல்லேன்னா ஓரத்துல காரணம் எழுதிக் கையெழுத்து போடுங்க. அப்புறம் அடுத்த வருஷம் உங்களைத் திருத்தக் கூப்பிடலேன்னா என்னைக் கேக்காதீங்க."

விடுமுறையில் வெறும் வீட்டிலிருந்து அவளை வெளியே இழுத்து வருவது வருஷத்துக்கு ஒருமுறை வரும் இந்த வேலைதான். அது போனால் நாள் முழுக்கச் சுவரோடுதான் பேச்சு.

'விடை சரி' என்று எழுதினாள். முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டாள்.

மேற்பார்வையாளர் அதைப் படித்தார். அவள் பெயரின் பின்பாதியும், வினாத்தாளில் பாட்டுக்குக் கீழே அச்சாகியிருந்த கவிஞரின் பெயரும் ஒன்றாகவே இருந்தன. தாளைத் திருத்தி முடித்த கட்டின் மேல் வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

கல்யாணமானதிலிருந்து எத்தனையோ தெருக்களில் அவள் அந்தக் கவிஞரின் முதுகைப் பார்த்தே நடந்திருக்கிறாள். "கொஞ்சம் நில்லுங்க, நானும் வர்றேன்" என்று மூச்சு வாங்கக் கூப்பிட்டிருக்கிறாள். அதைத்தான் அவர் பாட்டில் வைத்தார். 'நில்லுங்கள்' என்றால் சீர் இடிக்கிறது என்று மரியாதையைக் கூட வெட்டிவிட்டார். கைகோத்தது மட்டும் அவருடைய சொந்தக் கற்பனை.

கடைசியாக அவள் அதைச் சொன்னது போன வருஷம், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே.

அன்றைக்கும் அவர் நிற்கவில்லை.