இரண்டு பேருக்கும் ஒரே வாக்கு

“என் ஓட்டு உனக்குத்தான் தம்பி. புத்தர் சாட்சி!”

வாசல்வரை வந்த செல்டன் அப்படியே நின்றுவிட்டாள். முந்தாநாள் இதே கியெம்போ கிழவர், இதே புத்தர் சாட்சியாக, இதே வாக்கை அவளுக்கல்லவா கொடுத்திருந்தார்!

உள்ளே எதிர்க்கட்சி உக்யென் சட்டமாக உட்கார்ந்து வெண்ணெய்த் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

“மாமா, அப்ப எனக்குக் கொடுத்த வாக்கு?”

உக்யென் துள்ளி எழுந்தான். “இவளுக்குமா சொன்னீங்க?”

கிழவர் அசரவில்லை. “வாம்மா, உக்காரு. மிளகாய்க் குழம்புல இப்பத்தான் சீஸ் போட்டேன். சாப்பிட்டுப் போகலாம்.”

“சாப்பாடு கிடக்கட்டும். ராஜா தன் அதிகாரத்தையே இறக்கி வெச்சு, ‘இனி நீங்களே ஆளுங்க’ன்னு நம்ம கையில கொடுத்திருக்கார். பூட்டானுக்கே இதுதான் முதல் தேர்தல். இதுலயா விளையாடறது?”

“விளையாட்டு இல்ல, பேராசை,” என்றான் உக்யென். “ரெண்டு பக்கமும் கறக்கப் பார்க்கறார்.”

“என்னத்தப்பா கறந்தேன்? நீ குடிக்கிற தேநீர்கூட என் வெண்ணெய்தான்.”

உக்யென் கோப்பையைக் கீழே வைத்தான்.

செல்டனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இந்த ஒற்றை வீட்டுக்காக எத்தனை தடவை மலையேறியிருப்பாள்! வரும்போதெல்லாம் செத்துப்போன மனைவியின் கதை, திம்புவிலிருக்கும் மகளின் கதை, யாக் மாடு கன்று போட்ட கதை. எழுந்தால், “இன்னொரு கோப்பை குடிச்சிட்டுப் போம்மா.” கேட்டதெல்லாம் இந்த ஓட்டுக்காகத்தான்.

“இங்க பாருங்க மாமா. யாராவது ஒருத்தருக்குப் போடுங்க, அது உங்க உரிமை. ஆனா பொய் வேண்டாம்.”

“அதானே! முகத்துக்கு நேரா சொல்லுங்க,” என்றான் உக்யென்.

ஊரே பார்க்க அடித்துக்கொண்ட இரண்டு கட்சியும் அங்கே ஒன்றாகிவிட்டது.

கிழவர் அகப்பையால் குழம்பைக் கிண்டினார்.

“ஒரு பேரைச் சொல்லிடுங்க மாமா,” செல்டனின் குரல் சற்றுத் தணிந்தது. “மத்தவங்க இனிமே இந்த மலைப்பக்கமே வர மாட்டாங்க. உங்களுக்கும் தொந்தரவு இருக்காது.”

கிழவர் அகப்பையை நிறுத்தினார்.

“அதுக்குப் பயந்துதானம்மா சொல்லல.”